தமிழ்நாட்டு அரசுப் பென்ஷனை அமெரிக்க வரிக் கணக்கில் காட்டணுமா?

எடிசன்காரன்:
அப்பா தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2024 கடைசியில் அம்மாவும் அவரும் கிரீன் கார்டில் வந்து எங்களோடு இருக்கிறார்கள். மாதம் 52,000 ரூபாய் பென்ஷன் ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. ஒரு பைசா இங்கே கொண்டுவருவதில்லை. 2025-க்கான 1040-ல் (அமெரிக்க வருமான வரிப் படிவம்) அதைக் காட்டணுமா? கேட்டவர்களில் பாதிப் பேர் காட்டு என்கிறார்கள், பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

கொங்குக்காரன்:
நானும் சிரிக்கிற கட்சிதான். பென்ஷன் கொடுப்பது தமிழ்நாடு அரசு, வேலை பார்த்தது அங்கே, பணம் கிடப்பதும் அங்கே. 1989 இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 19-ஆவது பிரிவைப் படியுங்கள். அரசுப் பணிக்கான பென்ஷனுக்கு, கொடுக்கும் நாட்டில் மட்டுமே வரி. மாநில அரசும் அதில் அடக்கம். சும்மா இருக்கிறவரை இழுத்துவிடாதீர்கள்.

வரிப்பித்தன்:
19-ஐப் படித்த நண்பர் 1-ஆவது பிரிவையும் படித்திருக்கலாம். அதன் 3-ஆவது பத்தி, ஒப்பந்தமே இல்லாததுபோல் தன் குடிமக்களுக்கும் தன் நாட்டில் வசிப்பவர்களுக்கும் வரி போட அமெரிக்காவுக்கு உரிமை தருகிறது. 4-ஆவது பத்தியில் சில விலக்குகள் உண்டு. 19-ஆவது பிரிவுக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் யாருக்கு? குடிமகனாகவும் இல்லாமல், குடியேற்ற அந்தஸ்தும் இல்லாதவர்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வாங்கிய அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது.

பணத்தை இங்கே கொண்டுவரவில்லை என்பது வாதமே இல்லை சார். இங்கே வரி உலக வருமானத்துக்கு. அது எந்தக் கணக்கில் தூங்கினாலும் வருமானம் வருமானம்தான்.

கொங்குக்காரன்:
சரி, 19 போகட்டும். 20-ஆவது பிரிவின் 2-ஆவது பத்திக்கு என்ன சொல்கிறீர்கள்? சமூகப் பாதுகாப்புத் தொகைக்கும் மற்ற பொது ஓய்வூதியங்களுக்கும் கொடுக்கும் நாட்டில் மட்டுமே வரி. அதற்கு உங்கள் 4-ஆவது பத்தியிலேயே விலக்கு இருக்கிறது, கிரீன் கார்டுக்காரருக்கும் சேர்த்து. அரசுப் பென்ஷன் பொது ஓய்வூதியம் இல்லாமல் வேறென்ன, தனியார் ஓய்வூதியமா?

வரிப்பித்தன்:
நல்ல கேள்வி, இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பத்தியே '19-ஆவது பிரிவுக்கு உட்பட்டு' என்றுதான் ஆரம்பிக்கிறது. அரசுப் பணிக்கான பென்ஷனுக்கு 19 என்று தனி வீடு இருக்கும்போது அதை 20-இல் குடிவைக்க முடியாது.

கொங்குக்காரன்:
அது உங்கள் வாசிப்பு. '19-க்கு உட்பட்டு' என்றால் இரண்டும் முரண்படும் இடத்தில் 19 நிற்கும் என்றுதானே அர்த்தம்? இங்கே 19-உம் இந்தியாவில் மட்டும் வரி என்கிறது, 20-உம் அதையே சொல்கிறது. முரண் எங்கே?

டல்லஸ் மீனா:
அண்ணன்மாரே, பிரிவைப் பிரித்து மேய்வதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். 52,000 × 12 = 6,24,000 ரூபாய். எந்த மாற்று விகிதத்தில் போட்டாலும் 7,000 டாலரைக் கொஞ்சம் தாண்டும். 65 தாண்டிய தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 2025-க்கு நிலையான கழிவு மட்டும் 34,700 டாலர். புதிதாக வந்த மூத்தோர் கழிவு ஆளுக்கு 6,000. வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் வரி பூஜ்யம்.

எடிசன்காரன் தம்பி, நீங்கள் அப்பாவை உங்கள் ரிட்டர்னில் டிபெண்டன்ட்டாக (உங்களைச் சார்ந்து வாழ்பவராக) போடப் போகிறீர்களா? 2025-க்கு அவருடைய மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். பென்ஷன் ஒன்றே அதைத் தாண்டுகிறது. மார்க்கெட்ப்ளேஸ் (அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை) காப்பீட்டு மானியமும் வருமானத்தை வைத்துத்தான். என் மாமியாருக்குப் பார்த்தபோது வரியைவிட இதுதான் தலைவலி.

கொங்குக்காரன்:
வரியே இல்லை என்றால் பிறகு எதற்கு அம்மா தாக்கல்? ஊரிலும்தான் 12 லட்சம் வரை வரி கிடையாது.

வரிப்பித்தன்:
அந்த 12 லட்சம் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வருவது. இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். இவர் அப்பா இப்போது என்ஆர்ஐ. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 5,49,000 மிஞ்சும். 4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம், செஸ் சேர்த்து 7,748 ரூபாய். சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓ (என்ஆர்ஐ-களின் இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) ஆக மாற்றியிருக்க வேண்டும், மாற்றினார்களா தெரியாது.

தாக்கல் எதற்கு என்றால், அப்பா நாளைக்குக் குடியுரிமைக்குப் போகும்போது என்-400 படிவத்தில் வரிக் கேள்விகள் வரும். தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் வேறு விஷயம். ஆனால் பென்ஷன், வைப்புநிதி வட்டி, வாடகை எல்லாம் கூட்டிப் பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

எடிசன்காரன்:
ஒருவர் 1040-என்ஆர் (அமெரிக்காவில் வசிக்காதவருக்கான படிவம்) போடச் சொன்னார். அப்படிப் போட்டால் இந்திய வருமானமே வராதாமே?

வரிப்பித்தன்:
அவரிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள்! கிரீன் கார்டை வைத்துக்கொண்டு 'நான் இங்கே வசிக்காதவன்' என்று வரித்துறைக்கு எழுதிக் கொடுத்தால், நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதாகக் குடியேற்றத் துறை எடுத்துக்கொள்ள இடம் கொடுத்த மாதிரி.

கொங்குக்காரன்:
இதில் மட்டும் நானும் பித்தன் பக்கம். 20(2) பற்றி என் கருத்து அப்படியேதான்.

எடிசன்காரன்:
அப்போ 1040-ல் காட்டிவிடுகிறேன். கருவூலம் தரும் சான்று ஏப்ரல்-மார்ச் கணக்கு. ஜனவரி-டிசம்பருக்கு பாஸ்புக்கைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும் போல.

டல்லஸ் மீனா:
ஆமாம், பாஸ்புக்தான். அதைத் திறக்கும்போது முதல் பக்கத்தில் யார் பெயரெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள். கூட்டுக் கணக்கில் உங்கள் பெயரும் இருந்தால் முழு இருப்பும் உங்கள் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) கணக்கிலும் சேரும். எல்லா வெளிநாட்டுக் கணக்கும் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் போதும், அந்தப் படிவம் போட வேண்டும். 2023-இல் பிட்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேண்டுமென்று செய்யாத தவறுக்கு அபராதம் கணக்குக்கு ஒன்று அல்ல, படிவத்துக்கு ஒன்று என்றது. அந்த ஒன்றே பத்தாயிரம் டாலருக்கு மேல் போகலாம். வைப்புநிதி எதிலாவது உங்கள் பெயர் இருக்கிறதா தம்பி?