போக்கரில செட் (கைச் சோடியோட மேசையில அதே எண் இன்னொண்டு) விழுந்தால் எவ்வளவு அடிக்கிறது? பெரிசா அடிச்சால் எல்லாரும் கையைப் போட்டிடினம்

முள்ளியவளையான்:
வணக்கம் அண்ணைமார். நோ-லிமிட் ஹோல்டெம் (எவ்வளவும் அடிக்கலாம்), காசில்லை, சிப்ஸ் மட்டும். பிளைண்ட் (சீட்டுக்கு முன்னம் ரெண்டு பேர் கட்டாயம் போடுறது) 50-100, ஆளுக்கு 10,000. பட்டனில (கடைசியாப் பேசுற இடம்) எனக்கு 7-7. 300க்கு ரெய்ஸ் (கூட்டினன்), பிக் பிளைண்ட் (100 போட்டவர்) மட்டும் கோல் (அதே அளவு போட்டார்). பொட் (நடுவில சேர்ந்த சிப்ஸ்) 650, ரெண்டு பேருக்கும் முன்னால 9,700 மிச்சம். ஃபுளொப் (மேசையில விழுற முதல் மூண்டு பொதுச் சீட்டு) ஏஸ்-7-2, மூண்டும் வேற வேற இனம். அவர் செக் (அடிக்காமல் விட்டார்). 1,000 அடிச்சால் ஆள் ஓடுறார். 200 அடிச்சால் கடைசி மட்டும் வாறார், ஆனா ரிவரில (அஞ்சாவது, கடைசிச் சீட்டு) பொட்டைப் பாத்தால் ஒண்டுமில்லை. இப்பிடிப் பலமான கைக்கு அளவு எப்பிடி எடுக்கிறது?

குளக்கட்டு:
தம்பி, ஃபுளொப் பெட்டை மட்டும் தனிய யோசிக்காதேங்கோ. ரிவரில எவ்வளவு உள்ளுக்க போகவேணும் எண்டதில இருந்து பின்னோக்கி வாங்கோ. உங்கட 650 பொட்டிலயே கணக்குப் பாப்பம், மூண்டு தரமும் அவர் கோல் பண்ணினால்:

அரைப் பொட்: 325, 650, 1,300. மொத்தம் 2,275.
முக்கால் பொட்: ஏறத்தாழ 490, 1,220, 3,050. மொத்தம் 4,750 அளவில.
முழுப் பொட்: 650, 1,950, 5,850. மொத்தம் 8,450.

முதல் பெட்டில வித்தியாசம் 325 தான். ரிவரில அதே வித்தியாசம் 4,550 ஆகுது. ஒவ்வொரு பெட்டும் அடுத்த பொட்டைப் பெருப்பிக்கிறதால வாற விளைவு இது. ஃபுளொப்பில 200 அடிச்சிட்டு ரிவரில திடீரெண்டு 5,000 அடிச்சால் யார் நம்புவினம்?

இந்தக் கைக்கு ஃபுளொப்பில 430, டேர்னில (நாலாவது சீட்டு) 1,150 அடிப்பன். ரிவரில பொட் 3,810, உங்களிட்ட இன்னும் 8,120 இருக்கும். அங்க 1,900 அடிக்கிறதா 3,800 அடிக்கிறதா எண்டு குழம்பத் தேவையில்லை. பெட்டை இரட்டிப்பாக்கினால், முந்திக் கோல் பண்ணுற தடவையில பாதி பண்ணினாலே சமன். 1,900ஐ 10க்கு 6 தரம் கோல் பண்ணுறவர் 3,800ஐ 10க்கு 4 தரம் பண்ணினால் பெரிய பெட் தான் லாபம் (சராசரி 1,520, மற்றது 1,140). ஏஸ் கையில இருக்கிற ஆள் லேசில விடமாட்டார்.

ஃபுளொப்புக்கு முன்னமே ரீ-ரெய்ஸ் (ரெய்ஸுக்கு மேல ரெய்ஸ்) நடந்த பொட்டில இவ்வளவு உந்தத் தேவையில்லை. பொட் 2,250, மிச்சம் 8,900 எண்டால் மூண்டு தரமும் அரைப் பொட்டுக்குக் கொஞ்சம் கூட அடிச்சாலே எல்லாம் உள்ளுக்க போயிடும்.

மாங்குளம் சந்தி:
இவ்வளவு கணக்குத் தேவையோ? ஏஸ்-7-2 காய்ஞ்ச போர்ட் (ஒண்டோட ஒண்டு சேராத மேசைச் சீட்டு). ஃபுளொப்பில செக் பண்ணி விட்டால் அவரே டேர்னில அடிப்பார்.

குளக்கட்டு:
அடிப்பார் எண்டு எப்பிடித் தெரியும்? எங்கட பக்கம் பலர் கோல் பண்ணுவினமே தவிரத் தாங்களா அடிக்கிறது குறைவு. ஒரு தெருவை (ஒரு பெட் சுற்றை) விட்டிட்டு மிச்ச 9,700ஐயும் ரெண்டு பெட்டில போடவேணும் எண்டால், ரெண்டும் பொட்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கவேணும். ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்.

கனகராயன் ஆத்தங்கரை:
மாங்குளத்தார் சொல்லுறது ஒரு கைக்குச் சரி: அதே போர்ட், உங்களிட்ட ஏஸ்-ஏஸ். அப்ப பக்கில மிஞ்சுறது ஒரே ஒரு ஏஸ். ஏஸ்-ஜாக் சோடி 4 விதம் தான் அவரிட்ட இருக்கலாம். உங்களிட்ட 7-7 எண்டால் மூண்டு ஏஸ் வெளியில, ஏஸ்-ஜாக் மட்டும் 12 விதம். கை பலம் கூடினது முந்தினதில, காசு தரக்கூடிய கையள் கூடினது பிந்தினதில. ஏஸ்-ஏஸுக்கு 200 அடியுங்கோ, இல்லாட்டிச் செக் பண்ணுங்கோ. 7-7க்குப் பெரிசா அடியுங்கோ. 304 சீட்டாட்டத்தில கையைப் பாத்துக் கேள்வி கேட்டுப் பழகின ஆக்களுக்கு இது தலைகீழாத் தெரியும். இங்க அளவு எடுக்கிறது எதிராளின்ர கையை வைச்சு.

இழுவை (இன்னொரு சீட்டு விழுந்தால் செட்டை வெல்லுற கை, ஒரே இனம் அஞ்சு சேருறது போல) இருக்கிற போர்ட் வேற கதை. உங்களிட்ட 8-8, ஃபுளொப் ஜாக்-8-4, ஜாக்கும் 8உம் ஆடித்தன் (ஹார்ட்ஸ்). அவரிட்ட ரெண்டு ஆடித்தன் இருந்தால் மிச்சம் 9 ஆடித்தன், காணாத சீட்டு 47. அடுத்த சீட்டில விழ 19 வீதம், அதாவது 4.2க்கு 1. நீங்கள் 325 அடிச்சால் அவர் 975ஐ வெல்ல 325 போடுறார், 3க்கு 1. பிந்தி உங்களிட்ட இன்னுமொரு 400 வாங்கினால் அவருக்குச் சரி. 650 அடிச்சால் 2க்கு 1. பிந்தி 1,440 அளவில வாங்கவேணும். ஆடித்தன் தேடுறவர் எப்பிடியும் பிடிப்பார், அப்ப விலையைக் கூட்டித்தான் வில்லுங்கோ.

ஒரு விசயம், அந்த 9இல ஆடித்தன் 4 விழுந்தால் போர்டில சோடி, உங்களுக்கு ஃபுல் ஹவுஸ் (மூண்டு ஒரே எண்ணும் ஒரு சோடியும்), அது அவரின்ர அஞ்சு ஆடித்தனை வெல்லும். உண்மையில அவருக்கு 8 தான்.

பலர் விடுற பிழை மினிமம் ரெய்ஸ் (ஆகக் குறைஞ்ச அளவு கூட்டுறது). பொட் 650, அவர் 400 அடிக்கிறார், நீங்கள் 800 ஆக்கினால் அவர் 400 போட்டு 1,850க்கு விளையாடுறார். 4.6க்கு 1, இழுவைக்குக் கேட்ட விலையை விடக் கூடக் குடுத்திட்டியள். 1,300 - 1,500 ஆக்குங்கோ.

ஆனா ஓல்-இன் (மிச்சம் எல்லாம் உள்ளுக்க) ஆகிட்டால் 19 வீதக் கணக்குச் செல்லாது. அவர் ரெண்டு சீட்டும் பாப்பார், ஆடித்தன் விழ 35 வீதம். அதைக் கண்டு பயந்து குறைச்சு அடிக்க வேண்டாம், விழாத 65 வீதமும் உங்களுக்குத்தானே, விழுந்தாலும் சில நேரம் உங்கட ஃபுல் ஹவுஸ் வெல்லும்.

முள்ளியவளையான்:
விளங்குது அண்ணை. அப்ப பலமான கைக்குப் பெரிசு, மற்றதுக்குச் சின்னன் எண்டு வைக்கலாமோ? மற்றது, மூண்டாவது ஆடித்தன் விழுந்திட்டால்?

கனகராயன் ஆத்தங்கரை:
அப்பிடி வைச்சால் ஒரு இரவிலயே மேசை உங்களைப் படிச்சிடும். ஏஸ்-7-2இல 7-7க்கு 430 எண்டால் ஏஸ்-ராசாவுக்கும் 430, இடைக்கிடை ஒண்டுமில்லாத கைக்கும் 430. முன்னுக்கு ஏஸ்-ஏஸுக்குச் சொன்ன 200உம் அப்பிடித்தான், நடுத்தரக் கையளோட கலந்து அடிச்சால் மட்டும் மறையும்.

ஆடித்தன் டேர்னில விழுந்தால் உடன கையைப் போடாதேங்கோ. போர்ட் சோடியாக 9 சீட்டு, மிச்ச 8 ஒண்டு, 10 சீட்டு இருக்கு, 22 வீதம் அளவில. அவர் செக் பண்ணினால் மூண்டில ஒரு பொட் அடியுங்கோ, ஜாக் வைச்சிருக்கிறவர் இன்னும் பிடிப்பார். ரிவரில விழுந்தால் அதே சின்ன பெட் சரி, ஆனா பொட் 3,000, நீங்கள் 1,000, அவர் 4,000 ஆக்கினால் நில்லுங்கோ. 3,000 போட்டு 8,000க்கு, 27 வீதம் வெல்லவேணும். எங்கட பக்கத்து மேசையளில ரிவர் ரெய்ஸ் நாலில ஒண்டு கூடப் பொய்யில்லை. போட்டிடுங்கோ.