கேரளாவுக்கு அடுத்து நாம்தான் என்று எழுதலாமா?

வத்தல்மலை அடிவாரம்:

வணக்கம். தர்மபுரிப் பக்கம் மகளிர் குழுக்களின் வட்டாரக் கூட்டமைப்பில் கணக்கும் அறிக்கையும் பார்க்கிறேன். குழுப் பெண்களுக்கு இணையப் பயிற்சி தர நிதி கேட்டு மாவட்டத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும். பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு எழுதினால்தான் எடுபடும் என்று மேலே சொல்கிறார்கள்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றை எடுத்துப் பார்த்தேன். 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் கேரளாவில் 61.1 சதவீதம், தமிழ்நாட்டில் 46.9, கர்நாடகாவில் 35, தெலங்கானாவில் 26.5, ஆந்திராவில் 21. 'தென்மாநிலங்களில் இரண்டாமிடம்' என்று முதல் வரியை எழுதிவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை.

போன வாரம் ஒரு குழுக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். நெட் பார்த்திருக்கிறீர்களா என்றதும் பதினோரு கை உயர்ந்தது. கரண்ட் பில்லை நீங்களே போனில் கட்டியிருக்கிறீர்களா என்றேன். இரண்டு கைதான். ஒரு அக்கா போனை என்னிடம் நீட்டி, "பையன் வந்தாத்தான் கண்ணு இதெல்லாம்" என்றார்.

இரண்டாமிடம் என்று சொல்லிக்கொண்டே எப்படி நிதி கேட்பது? கேரளா செய்ததை அப்படியே நமக்கும் கேட்கலாமா?

கணக்கெடுத்த கால்கள்:

வணக்கம் அம்மா. இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் பலவகைக் கணக்கெடுப்புகளில் படிவம் நிரப்பியவன் நான். உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். கேரளா, கர்நாடகா, தெலங்கானா, ஆந்திரா நான்கும் முதல் கட்டத்தில் வந்தவை. 2019 ஜூனில் தொடங்கி 2020 ஜனவரிக்குள் அங்கே வேலை முடிந்துவிட்டது. தமிழ்நாடு இரண்டாம் கட்டம். 2020 ஜனவரியில் தொடங்கி, ஊரடங்கில் நின்று, மறுபடி எடுத்து 2021 மார்ச்சில்தான் முடித்தார்கள். நடுவில் பள்ளிக்கூடமே போனுக்குள் வந்துவிட்டது. பிள்ளையின் வகுப்புக்காக முதன்முதலாக இணையத்தைத் தொட்ட தாய்மார்கள் நம் எண்ணிக்கையில் இருக்கலாம், ஆந்திராவின் எண்ணிக்கையில் இருக்க வழியில்லை. இப்படி இருக்கும்போது ஆந்திராவைவிட இரண்டு மடங்கு என்று எழுதுவது அவர்களுக்கு நியாயமில்லை. கேரளாவுக்கும் நமக்கும் உள்ள தூரமும் தாளில் தெரிவதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம்.

அடுத்தது கேள்வி. 'எப்போதாவது பயன்படுத்தியதுண்டா' என்பதுதான் அங்கே கேட்டது. வாசலில் நின்று கேட்கும்போது, மகன் காட்டிய ஒரு வீடியோவுக்கும் 'ஆமாம்' என்றுதான் வரும். உங்கள் பதினோரு கை அந்த 'ஆமாம்'. நீங்கள் நிதி கேட்பது மற்ற ஒன்பது பேருக்காக.

அதே தாளில் இன்னொரு வரி இருக்கிறது: தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள். கேரளா 86.6, தமிழ்நாடு 74.6, கர்நாடகா 61.8, தெலங்கானா 60, ஆந்திரா 48.9. இரண்டு வரியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். போன் வைத்திருக்கும் நூறு பெண்களுக்கு இணையம் தொட்டவர்கள் கேரளாவில் சுமார் 71, நம்மிடம் 63, தெலங்கானாவில் 44. அடுத்தவர் போனில் பார்ப்பவர்களும் உண்டு என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் போன் கைக்கு வந்த பிறகும் பாதியில் நிற்பவர்கள் எவ்வளவு பேர் என்று தெரிகிறது. உங்கள் பயிற்சிக்கு அடிப்படை இந்த வரிதான்.

கேரளாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வழிமுறை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்றொரு ஊராட்சி. 2022-ல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆட்களை வகுப்புக்கு வரச்சொல்லிக் காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும், அங்குள்ள மகளிர் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் கூட்டங்களுக்கும் பயிற்சியைக் கொண்டுபோனார்கள். அந்த அனுபவத்தை மாநிலம் முழுக்க விரித்து, 2025 ஆகஸ்டில் கேரளாவே முழு டிஜிட்டல் எழுத்தறிவை அறிவித்தது. 2002-லேயே மலப்புறத்தில் அக்ஷயா என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு இருபது வருட அடித்தளம் இருக்கிறது. நமக்கு இருப்பது உங்களைப் போன்ற குழுக்கள். கூட்டம் ஏற்கெனவே கூடுகிறது. அங்கேயே நடத்தக் கேளுங்கள்.

இ-சேவை மேசை:

அக்கா, விழுப்புரம் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு 49 வயதோடு நின்றுவிடுகிறது. என் மேசைக்கு முன்னால் உட்காருபவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல். முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டியிடம் ஓடிபி கேட்டால், அது வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனுக்குப் போயிருக்கும். அவனைக் கூப்பிட்டு அவன் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. நேற்று ஒரே அம்மாவுக்கு நான்கு தடவை. எந்த மாநிலத்தோடு ஒப்பிட்டாலும் இவர்கள் அந்த அட்டவணையில் இல்லை.

வத்தல்மலை அடிவாரம்:

ரொம்ப நன்றி ஐயா. தம்பி, உங்களுக்கும். அந்த வரியை அடித்துவிட்டேன். தர்மபுரிக்கு மட்டும் தனி எண் கிடைக்குமா?

கணக்கெடுத்த கால்கள்:

அந்தச் சுற்றின் மாவட்டத் தாளில் இணைய வரி கிடையாது அம்மா. நீங்களே எடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று கேள்வி போதும்: போன் உங்களுடையதா, ஓடிபி யார் எண்ணுக்கு வருகிறது, போன மாதம் யார் உதவியும் இல்லாமல் போனில் செய்த ஒரு வேலை என்ன. வயதையும் குறியுங்கள், ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை விடவேண்டாம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் சிரமம். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் அதே மூன்றையும் கேட்பதாகக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். தாளை அனுப்பும் முன் இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.