கராஜில் வைக்கப்போகும் கணினி

நான்: எல்லோருக்கும் வணக்கம். பேஸ்மென்ட்டுக்கு வாடகைக்கு ஆட்கள் வருவதால் என் மேசைக் கணினியை ஹீட்டர் இல்லாத கராஜுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே ரொறன்ரோவில் ஜனவரி இரவுகளில் சைபருக்குக் கீழே 15, 20 பாகை வரை போகும்போது அது பழுதாகிவிடுமோ என்று யோசனையாக இருக்கிறது. பெரிய மாமா, நீங்கள் கராஜில் கணினி வைத்திருந்தவர் அல்லவா?

பெரிய மாமா: ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குக் குளிர் பகையில்லை, மருமகன். ஈரம்தான் பகை. வெளியே பனி வழித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் மூக்குக் கண்ணாடியில் புகார் மூடுகிறதே, அதே புகார் மதர்போர்ட்டிலும் படியும். வீட்டுக்குள் 21 பாகையும் 40 சதவீத ஈரப்பதனும் இருந்தால், ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் கட்டும்.

பெரிய மாமா: இதை நான் பணம் கொடுத்துத்தான் படித்தேன். ஒரு மாசி மாதம், இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருந்த கணினியைக் கராஜிலிருந்து தூக்கி வந்து, மாமி சோறு வடித்துக்கொண்டிருந்த குசினி மேசையில் வைத்து உடனே சுவிட்சைப் போட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பவர் சப்ளை போய்விட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உட்தகடு முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர்.

மாமி: அன்று சோறும் குழைந்துபோனது, அதை மட்டும் இவர் சொல்ல மாட்டார்.

அம்மா: அப்படியென்றால் உள்ளே கொண்டுவரவே கூடாதா, அண்ணா?

பெரிய மாமா: கொண்டுவரலாம். கராஜில் வைத்தே பெரிய குப்பைப் பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் நீர் பையின் வெளிப்புறத்தில்தான் கட்டும். அவசரப்படாமல் மறுநாள் பையைத் திறந்தால் போதும்.

அக்கா: தம்பியின் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. அது தாங்குமா?

பெரிய மாமா: நல்ல கேள்வி, பிள்ளை. நிறுத்தி வைத்திருக்கும்போது சைபருக்குக் கீழே 40 பாகை வரை தாங்கும் என்று போட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கே, இயங்கும்போது 0 அல்லது 5 பாகைக்குக் கீழே போகக்கூடாது என்றும் போட்டிருக்கும். குளிரில் அதன் பெயரிங் எண்ணெய் தடித்துவிடுவதால் தட்டு சுழலத் தொடங்கச் சிரமப்படும். எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் இல்லை, எனவே அதற்கு மாறுவது நல்லது. திரையும் விறைத்தால் மந்தமாகும், எழுத்துகள் இழுபடும்.

பெரிய மாமா: ஆகவே குளிர்காலம் முழுவதும் கணினியை நிறுத்தாதீர்கள். தானாகத் தூங்கப் போகும் வசதியையும் எடுத்துவிடுங்கள். சும்மா ஓடும்போது அது உண்டாக்கும் சூடே பெட்டியின் உட்புறத்தைச் சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பங்குனியில் திடீரென்று வெயில் எறித்து, ஈரக் காற்று உள்ளே வந்து, கராஜின் சீமெந்துத் தரை வியர்க்கும் நாட்கள் வரும். ஜனவரியைவிட அந்த நாட்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நிறுத்தி வைத்த கணினியும் தரையோடு சேர்ந்து வியர்க்கும்.

மாமி: ஒரு பழைய போர்வையால் சுற்றிவிட்டால் என்ன? அல்லது பக்கத்தில் சின்ன ஹீட்டர் ஒன்றை வைத்தால்?

பெரிய மாமா: போர்வை காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். ஹீட்டர் வேண்டவே வேண்டாம். காரும் பெற்றோல் கானும் இருக்கும் இடத்தில் ஆவி பற்றிக்கொண்டால் கணினி மட்டுமா எரியும்? யூபிஎஸ் (மின்சாரம் நின்றால் கணினியைச் சிறிது நேரம் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி) இருந்தால் அதன் பற்றரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் அங்கே விடாதீர்கள், உறைந்து பிளந்துவிடலாம். லாப்டொப்பையும் போனையும் சைபருக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது.

(மறுநாள் இரவு)

நான்: மாற்றிவிட்டேன், மாமா. வெளியே சைபருக்குக் கீழே 11 பாகை. நான்கு மணி நேரம் ஓடியபின் ஹார்ட் டிஸ்க் 14 பாகை காட்டுகிறது.

பெரிய மாமா: நல்லது. தரையிலா வைத்திருக்கிறீர்கள்?

நான்: ஆம், காருக்குப் பக்கத்தில்.

பெரிய மாமா: இப்போதே மேசைக்கு ஏற்றுங்கள். காரிலிருந்து உருகி வடிவது வெறும் தண்ணீர் இல்லை, வீதியில் போட்ட உப்புக் கரைசல். கணினியின் பின்பக்கத்தில் வெறுமையாக இருக்கும் துவாரங்களையும் தகடு போட்டு மூடுங்கள். கராஜில் சூடான பெட்டி ஒன்று இருக்கிறது என்பதை எலி உங்களுக்கு முன்னரே அறிந்திருக்கும்.