தொழில் வெற்றியில் அரசின் பங்கு எவ்வளவு? எல்லையின் இரு பக்கமும் தொழில் செய்வோரிடம் ஒரு கேள்வி

மீனாட்சிபுரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிச் சாலை கேரளத்துக்குள் நுழையும் இடத்துக்கு அருகே, தென்னை நார்க் கயிறு திரிக்கும் சிறிய ஆலை ஒன்றை எங்கள் குடும்பம் நடத்தி வருகிறது. வீட்டில் பேசுவது தமிழ்; உரிமங்கள் வருவது மலையாளத்தில்; நாரில் பெரும்பகுதி வருவது ஆனைமலைப் பக்கத்திலிருந்து.

எல்லைக்கு அப்பால் இதே தொழிலைச் செய்யும் என் மைத்துனர், "அந்தப் பக்கம் வரியும் அதிகம், தொல்லையும் அதிகம், ஆலையை இங்கே மாற்றிவிடுங்கள்" என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார். அதோடு நிற்காமல், "எந்த அரசும் எனக்கு ஒரு செங்கல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, என் உழைப்பால் வளர்ந்தேன், கட்டுகிற வரியெல்லாம் எங்கேயோ போகிறது" என்றும் சொல்கிறார். அரசு எதுவுமே செய்வதில்லை என்றால் ஆலை எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார்.

வரியில் உண்மையிலேயே இரு மாநிலங்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டா? இல்லையென்றால், ஒரு பக்கம் தழைக்கும் தொழில் மறுபக்கம் தழைக்காமல் போவதற்கு அரசின் செலவும் சட்டமும் எந்த அளவுக்குக் காரணம்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒலவக்கோட்டுக் கணக்கர்:

உங்கள் மைத்துனர் சொல்லும் வரி வேறுபாடு 2017க்கு முந்தையது. கேரளத்தில் 2005 ஏப்ரல் முதலும் தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதலும் தனித்தனி மதிப்புக்கூட்டு வரிச் சட்டங்கள் இருந்தன. எல்லை தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி, அதைச் சலுகை விகிதத்தில் கட்ட வாங்குபவர் தரவேண்டிய சி படிவம், வாங்கியவர் படிவத்தைத் தராவிட்டால் முழு வரியும் விற்றவர் தலையில் விழும். இவை போக வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்த செலவு தனி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு கயிற்றுக்கு இரு பக்கமும் ஒரே விகிதம்தான். வருமான வரி முன்பிருந்தே ஒன்றுதான்.

இன்னும் மிஞ்சியிருக்கும் வேறுபாடுகள் சில்லறையானவை. டீசலைச் சொல்லலாம்: சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களுக்காகக் கேரளம் 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாக வசூலிக்கிறது. ஆலையை இடம் மாற்றுவதற்கு அது போதுமான காரணம் ஆகாது.

ஆனால் சிறிய ஆலைக்கு எல்லை வேறொரு வகையில் இன்னும் கனக்கிறது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது பொது விதி. வரி விதிக்கத்தக்க பொருளை வெளி மாநிலத்துக்கு விற்பவருக்கு அந்த விலக்குக் கிடையாது. ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் விற்றுமுதலில் 1 விழுக்காடு கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் தொகுப்பு வரித் திட்டமும் அப்படித்தான்: வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. திருச்சூரில் இருப்பவர் எர்ணாகுளத்துக்கு விற்றால் எழாத இந்தச் சிக்கல், உங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள வாடிக்கையாளருக்கு விற்றால் எழுகிறது. எல்லைப்புறத்துச் சிறுதொழிலை மனத்தில் வைத்து யாரும் இந்த விதியை எழுதவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிஎஸ்டி, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குச் சேரும் வரி. உங்கள் மைத்துனர் ஆனைமலையில் திரித்த கயிற்றைக் கொச்சியில் விற்றால், மாநிலப் பங்கு கேரளக் கருவூலத்துக்குத்தான் வருகிறது. ஆலையைத் தன் மண்ணுக்கு இழுக்கும் மாநிலத்துக்கு அந்த ஆலையின் விற்பனை வரி கிடைக்கும் என்ற பழைய கணக்கு இப்போது பாதிதான் செல்லும். வேலை கிடைக்கும், அந்தக் கூலி உள்ளூர்க் கடைகளில் செலவாகும், அதிலிருந்து வரி வரும் என்ற சுற்றுவழிக் கணக்கே மிச்சம்.

கால்வாய்க்கரை:

கணக்கர் ஐயா வரியை விளக்கிவிட்டார். நான் செங்கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

மைத்துனரின் மூலப்பொருள் தேங்காய் மட்டை. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் இவ்வளவு தென்னை எப்படி வந்தது? மானாவாரியாக நிலக்கடலையும் சோளமும் விளைந்த பூமியில் தோப்புகள் பெருகியதற்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீரும், அதன் கால்வாய்களால் ஊறிய கிணறுகளும் பெரிய காரணம். காமராசர் காலத்தில் வேலை தொடங்கிய அந்தத் திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட உடன்பாடு 1958 முதல் செல்லும்படி எழுதப்பட்டது. மேற்கே ஓடும் ஆறுகளை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பிய வேலை அது. எந்தத் தனி முதலாளியும் கைவைத்திருக்க முடியாது, வைத்திருந்தாலும் இரண்டு மாநிலங்களிடம் உடன்பாடு வாங்கியிருக்க முடியாது. அதே உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதிக்குத் தரப்படவேண்டும். ஆகவே கேள்வி கேட்டவரின் ஊர்த் தோப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தண்ணீருக்காக இரு மாநிலப் பொறியாளர்களும் மல்லுக்கட்டுவதை நாம் பார்க்கிறோம். ஆலைக்காரர்கள் அந்தச் செய்தியைத் தங்களுக்குத் தொடர்பில்லாததுபோல் புரட்டிவிடுகிறார்கள்.

கோயம்புத்தூரையும் சேர்த்துச் சொல்கிறேன். தானாக வளர்ந்த ஊர் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். அந்த உழைப்பையும் துணிச்சலையும் நான் குறைத்துப் பேசவில்லை. முதல் பஞ்சாலை 1888இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஆலைகள் வரிசையாக எழுந்தது 1930களில், சென்னை மாகாண அரசு கட்டிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1932 முதல் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான். மின்சாரம் கிடைத்த எல்லா ஊரும் கோயம்புத்தூர் ஆகிவிடவில்லை என்பதும் உண்மை. அரசு போட்ட பணத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கயிறு என்றால் ஆலப்புழை என்றிருந்த காலத்தில், மட்டையை அடித்து நார் எடுக்கும் கைவேலையை நம்பிய ஏராளமான பெண்களின் பிழைப்பைக் காக்கவேண்டும் என்ற நியாயமான கவலையால் கேரளம் நார் எடுக்கும் எந்திரங்களைத் தயங்கித் தயங்கித்தான் உள்ளே விட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தயக்கம் இல்லை. விளைவு, ஆலப்புழையின் கயிறு ஆலைகளே இன்று தமிழ்நாட்டு நாரை வாங்குகின்றன. கயிறு வாரியத்தின் தலைமையகம் கொச்சியில், ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழைக்கு அருகே கலவூரில். நார் மட்டும் பொள்ளாச்சியில். பிழைப்பைக் காக்கப் போட்ட தடை, சில பத்தாண்டுகளில் அந்தப் பிழைப்பையே எல்லை தாண்ட வைத்துவிட்டது.

சத்தியவேடு:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சிறீசிட்டி, 2008இல் தொடங்கிய தொழில் நகரம். தனியார் நிறுவனம் நடத்துகிறது, ஆந்திர அரசு நிலத்துக்கும் சலுகைகளுக்கும் துணை நின்றது. ஆனால் அது ஏன் ராயலசீமையின் உட்பகுதியில் அமையாமல் தடாவுக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டரில் அமைந்தது? சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள், சென்னை விமான நிலையம், சுற்றுவட்டாரத்து உதிரிபாகத் தொழிற்சாலைகள், தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்து வந்த பிள்ளைகள் ஆகிய எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால்தான். அதை ஒட்டிப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலை, நாட்டின் நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரத்தின் பகுதி. அந்தச் சாலைகளுக்கான பணத்தில் பெரும்பங்கு பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 1 ரூபாய் என்று தொடங்கிய வரியிலிருந்து வந்தது. இரு சக்கர வண்டிக்குப் பெட்ரோல் போட்டவரும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார். ஒரு மாநிலம் பல பத்தாண்டுகள் செலவு செய்ததன் பலனைப் பக்கத்து மாநிலம் சலுகை கொடுத்து அறுவடை செய்கிறது என்று எங்கள் ஊர்த் தமிழர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். வேலை கிடைத்தபின் யாரும் குறை சொல்வதில்லை.

ஆனைமலைச் சிறுதொழில்:

எல்லோரும் அரசுக்கு மாலை போடுவதைப் பார்த்து இதை எழுதுகிறேன். அணையும் மின் நிலையமும் எங்கள் தாத்தா காலத்துக் கதை. எங்கள் காலத்தில் அரசு செய்தவற்றையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் தென்னை நார்த் தொழிலை 2021ஆம் ஆண்டில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மாசு மிகக் குறைந்த வெள்ளைப் பிரிவிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. அதுவரை தேவைப்படாத இசைவாணைகள் ஒரே நாளில் தேவைப்பட்டன. நார்த்தூளைக் கழுவிய நீர் கிணறுகளில் இறங்குகிறது என்ற புகாரில் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியை மாற்றும்போது சிறிய ஆலை எழுந்து நிற்க அவகாசமும் கடனும் தரவேண்டாமா? 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபோதும் இதே நிலைதான். பெரிய நிறுவனம் வந்தால் நிலம், தண்ணீர், தனி மின்பாதை எல்லாவற்றையும் பேசி முடித்துக் கையெழுத்திடுகிறார்கள். நாங்கள் மின் இணைப்பின் பளுவைக் கூட்டுவதற்கே அலைகிறோம்.

உண்மையிலேயே உதவிய ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் அது மானியம் அன்று. குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், தரும்வரை அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல் நடைமுறைக்கு வந்த விதிதான். அரசுக்கு அதில் ஒரு காசு செலவில்லை. பாக்கி வைத்திருந்தவர்களில் சிலர் 2024 மார்ச்சு மாதக் கடைசியில் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார்கள்.

மீனாட்சிபுரத்தான்:

அனைவருக்கும் நன்றி. வரிக்காக இடம் மாறுவதில் பொருளில்லை என்பது தெளிவாகிவிட்டது. எங்கள் பக்கத்துத் தொல்லை என்று மைத்துனர் சொல்வது பெரும்பாலும் சுமைகூலித் தகராறைத்தான். சுமை தூக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்த பிறகு எங்கள் சாலையோரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. கணக்கர் ஐயாவிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி: ஆலையை இங்கேயே வைத்துக்கொண்டு, பொள்ளாச்சியில் ஒரு கிடங்கு மட்டும் எடுத்தால் அங்கே விற்பது எளிதாகுமா?

ஒலவக்கோட்டுக் கணக்கர்:

எளிதாகாது, கணக்குத்தான் இரட்டிக்கும். கிடங்குக்குத் தமிழ்நாட்டில் தனிப் பதிவு எடுக்கவேண்டும். இங்கிருந்து அங்கே சரக்கை அனுப்புவதே, விற்பனை இல்லாவிட்டாலும், மாநிலங்களுக்கிடையிலான வழங்கலாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும், பிறகு அங்கே விற்கும்போது கட்டவேண்டிய வரியிலிருந்து அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவேண்டும். இப்போதுள்ள பதிவிலேயே நேராக விற்றுவிடுங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மின்வழிச் சீட்டு (இ-வே பில்) எடுக்க மறக்கவேண்டாம். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனைக்கு அந்த வரம்பு 1 லட்சம் என்பதால் சீட்டே தேவையில்லை என்று உங்கள் மைத்துனர் சொல்லக்கூடும்.