புதுப்பிப்பு: உரக்கடையும் கூடைப்பந்தும்

போன குறுவை சமயம் எழுதியிருந்தேன்: மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன், இரண்டையும் சமாளிக்க முடியவில்லை, பயிற்சியை விட்டுவிடலாமா என்று. "விடாதீங்க அண்ணே" என்றீர்கள். விடவில்லை.

நேரத்தை மாற்றிக்கொண்டேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் யூரியா, டிஏபி கேட்டு இருட்டும்வரை கடையில் ஆள் நிற்கும். அதனால் இப்போது காலை ஐந்தரைக்கே மைதானம்.

பந்தின் அளவைக் கேட்டவருக்குத் தனியாக நன்றி. அதுவரை ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தையே கொடுத்துவந்தேன். பெண்களுக்கு உரியது 6-ஆம் எண். சுற்றளவும் எடையும் குறைவு. வளையம் மட்டும் இருவருக்கும் அதே 10 அடி உயரம். பந்தை மாற்றியதும் பிள்ளைகள் கையை வீசி எறிவது போய், பந்தை விடும்போது மணிக்கட்டு சரியாக மடங்க ஆரம்பித்தது. எட்டாவது படிக்கும் ஒருத்தி, அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். அவள் விட்ட பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷ வியாபாரத்தில் எந்த நல்ல போகமும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை.

சென்னையில் வளர்ந்து இந்திய அணிக்குக் கேப்டனான அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அம்மாக்கள் நின்று படிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஆடுவது பற்றிய பேச்சு குறைந்திருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்தால் மண்தரை சேறாகிவிடும். நம்ம களிமண்ணில் முழு ஆடுகள அளவில், 28-க்கு 15 மீட்டர் சிமெண்ட் தளம் வெடிக்காமல் போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.