‘பிரதிநிதி’ வேண்டாம், ‘சார்பாளர்’ ஆகட்டும்

நண்பர்களே,

அலுவலக மின்னஞ்சலில் நம் மடல்களையும் நாட்காட்டியையும் நமக்காகக் கையாள நாம் அமர்த்தும் ஆளை ‘டெலிகேட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் குழுவின் கேள்விக்குப் பிரதிநிதி, பேராளர், பதிலாள் என மூன்று சொற்கள் வந்துள்ளன. என் பரிந்துரை ‘சார்பாளர்’.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் செயலியான அவுட்லுக்கில் இப்படி அமர்த்தப்படுபவர் நம் அஞ்சல்பெட்டியை எட்டிப் பார்ப்பவர் மட்டுமல்லர். நமக்கு வரும் கூட்ட அழைப்புகளை ஏற்கிறார், மறுக்கிறார், மடலும் அனுப்புகிறார். அந்த மடலின் அனுப்புநர் வரியில் இரண்டு பெயர்களும் நிற்கும்: உதவியாளர், மேலாளரின் சார்பாக. ‘சார்பாக’ அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது ஆளுக்கு மட்டும் வேறு வேர் தேடுவானேன்? பிரதிநிதி பலருக்காகப் பேசுபவர். பேராளர் மாநாட்டுக்கு வருபவர். பதிலாள் என்றால் உரியவர் இல்லை என்றாகிவிடும். இங்கே அவர் அடுத்த அறையிலேயே இருக்கலாம்.

‘சார்பு’ கணிதத்தில் வேறொன்றை (ஃபங்ஷன்) குறிக்கிறதே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் ‘ஆளர்’ சேர்ந்ததும் அது மனிதராகிவிடுகிறது.

என் உண்மையான கவலை உரிமைநிலைகளின் பெயர்கள், அதாவது சார்பாளர் எதுவரை செய்யலாம் என்பதைச் சொல்லும் ‘ரிவ்யூவர்’, ‘ஆதர்’, ‘எடிட்டர்’ என்ற படிகள். ‘ஆதர்’ நிலையை ஆசிரியர் என்றும் ‘எடிட்டர்’ நிலையைப் பதிப்பாசிரியர் என்றும் பெயர்த்த ஒரு கையேட்டை நம்பி மோசம் போனவன் நான். விடுப்பில் கிளம்பும்போது நாட்காட்டியை உடன் பணிபுரிபவரிடம் ஒப்படைத்தேன். ஆசிரியர்தானே பெரியவர் என்று அதையே தேர்ந்தெடுத்தேன். அவரால் புதிய கூட்டங்களைச் சேர்க்க முடிந்தது. நான் குறித்து வைத்திருந்த கூட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியவில்லை. அந்த நிலையில் அவரவர் எழுதியதை மட்டுமே அவரவர் திருத்தலாம். நம் பத்திரிகைகளில் எடிட்டரும் ஆசிரியர்தான், நூல் எழுதியவரும் ஆசிரியர்தான். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஆகவே ஆட்பெயரை விட்டுச் செயலைப் பிடிப்போம்: ரிவ்யூவருக்குக் காணுரிமை, ஆதருக்கு எழுதுரிமை, எடிட்டருக்குத் திருத்துரிமை. மூன்றும் வினைத்தொகை. காலம் காட்டாத தொகை, எப்போதும் செல்லும் உரிமைக்குப் பொருத்தம் என்பது என் சொந்த மகிழ்ச்சி.

ஒரு கோப்புறையை மட்டும் பிறருக்குத் திறந்துவிடும் ‘ஃபோல்டர் பெர்மிஷ’னுக்குக் ‘கோப்புறை அனுமதி’ என்பதைத் தனியாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு கோப்புறையைத் திறந்துவிடுவதால் மட்டும் யாரும் சார்பாளர் ஆகிவிடுவதில்லை. நமக்காக மடல் அனுப்பும் உரிமை அதில் வராது.

இன்னொருவர் பெயரிலேயே மடல் அனுப்ப விடும் ‘சென்ட் ஆஸ்’ உரிமையில்தான் இடறுகிறேன். அதில் பெறுநருக்கு உரியவரின் பெயர் மட்டுமே தெரியும். தட்டச்சு செய்த கை மறைந்துவிடும். பொத்தானுக்குப் ‘பெயரில் அனுப்பு’ போதும். அந்த உரிமை பெற்றவரை எப்படி அழைப்பது? பேராளரைப் பேர் + ஆளர் என்று பிரித்தால், பிறர் பேரை ஆள்பவர் என்று இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். மாநாட்டுக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா?