லூதர் உருவப்படம் கேன்வாஸில்: 60 × 90 அளவு சரிவருமா?

கேள்வி

ஜெர்மன் ஓவியர் லூக்காஸ் கிரனாக் 1529இல் வரைந்த, கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் படத்தை கேன்வாஸில் அச்சிட்டுப் படிப்பறையில் மாட்ட எண்ணம். கையில் உள்ள கோப்பு 1800 × 2900 பிக்சல். நினைத்திருக்கும் அளவு 60 × 90 செ.மீ.; உள்சட்டம் 38 மி.மீ. தடிமன்; ஓரங்களிலும் படமே மடிந்து வர வேண்டும். சுவர் வெளிர் நிறம், எதிரே ஜன்னல், கீழே 75 செ.மீ. உயர மேசை. பளபளப்பு வார்னிஷ் போடலாமா? எந்த உயரத்தில் மாட்டுவது?

பதில் 1

60 × 90 வேண்டாம். மூலப்படமே சின்னது, ஃபுளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் உள்ள மரப்பலகை ஓவியம் ஏறக்குறைய 37 × 23 செ.மீ.தான். கையில் எடுத்துப் பார்க்கிற அளவு. அதை நாலு மடங்கு பரப்புக்கு மேல் இழுத்தால் வண்ணப்பூச்சின் நுண்வெடிப்பெல்லாம் முகச்சுருக்கம் மாதிரித் தெரியும்.

கணக்கும் இடிக்கிறது. ஓரம் மடிய ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வேண்டும். ஆக 70 × 100 அச்சிட வேண்டும். உங்கள் கோப்பில் அங்குலத்துக்கு 65 பிக்சல்தான் தேறும். மேசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற படத்துக்கு 150 இருப்பது நல்லது. அந்தக் கணக்கில் 30 × 49 செ.மீ. வரும். பெரிய கோப்பு கிடைத்தால் 37 × 60 வரை போங்கள். 40 × 60 என்று வாங்கினால் விகிதம் பொருந்தாமல் மேலும் கீழுமாக 4 செ.மீ. போய்விடும், தொப்பிக்கு மேலே மூச்சுவிட இடம் இருக்காது.

ஓரத்தில் படத்தை மடிக்காதீர்கள். தோள் பக்கவாட்டில் போய் ஒளிந்துகொள்ளும். பின்னணியிலிருந்தே ஒரு நிறம் எடுத்து ஓரத்துக்குத் தனியாகக் கொடுங்கள்.

பெரிய சிக்கல் கறுப்பு. அங்கி, தொப்பி இரண்டும் கறுப்பு. திரையில் தெரியும் மடிப்பு கேன்வாஸில் ஒரே மைக்கறையாக அப்பிவிடும். இருண்ட பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டு, கழுத்துப்பட்டையும் அங்கியும் சேரும் இடத்தை மட்டும் 20 செ.மீ. துண்டாக, இறுதி அளவிலேயே அச்சிட்டு வாங்குங்கள். அதை அந்தச் சுவரில் ஒட்டி, பகலில் ஒரு முறை, விளக்கொளியில் ஒரு முறை பாருங்கள். கூர்மை கூட்டவே கூடாது. இன்னொன்று, கிரனாக் வரைந்தது வழவழப்பான மரப்பலகையில். முரட்டு நெசவு முகத்தைக் கெடுக்கும். மெல்லிய நெசவாகக் கேளுங்கள்.

பதில் 2

வார்னிஷ் மேட்தான், அதாவது பளபளப்பில்லாதது. எதிரே ஜன்னல் இருக்க, பளபளப்புப் பூசிய கறுப்பு அங்கி கண்ணாடி ஆகிவிடும். லூதருக்குப் பதில் ஜன்னல் சட்டம் தெரியும். நேர்வெயில் படும் இடமானால் வேறு சுவர் பாருங்கள். புற ஊதாத் தடுப்புப் பூச்சு மங்கலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

வெறும் சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உங்களுக்கு மேசை இருப்பதால் மேசைக்கும் படத்தின் அடிக்கும் 25 செ.மீ. விடுங்கள், 49 செ.மீ. படத்துக்கு நடுப்பகுதி 125 செ.மீ.க்குப் பக்கம் வரும். உட்கார்ந்த கண்ணுக்கு அது சரி. ஒற்றை ஆணி வேண்டாம், கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் சாயும். 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு திருகாணி போடுங்கள். விளக்கு 2700–3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி), மேலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில்.

பதில் 3

முகம் திரும்பியிருக்கும் பக்கத்தைக் கவனியுங்கள். லூதர், அவர் மனைவி கத்தரினா ஃபான் போரா இருவரையும் கிரனாக் பட்டறை இணைப்படமாகவே வரைந்தது: பார்ப்பவருக்கு இடப்பக்கம் லூதர், வலப்பக்கம் கத்தரினா, ஒருவரை நோக்கி ஒருவர். தனியாக லூதரை மாட்டினால் அவருக்கு முன்னால், அதாவது உங்கள் வலப்பக்கம், வெற்றிடம் கூடுதலாக இருக்கட்டும். சுவரின் வலது மூலையில் மாட்டினால் மூலையை முறைத்துக்கொண்டு நிற்பார். அதற்காகக் கோப்பை இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள், அது வேறு முகமாகிவிடும்.

ஜெபம் செய்யும் இடத்தைவிடப் புத்தக அலமாரிப் பக்கம்தான் இதற்குப் பொருந்தும். 1522 மார்ச்சில் விட்டன்பெர்க்குக்குத் திரும்பிய லூதர், ஆலயப் படங்களை அடித்து உடைப்பதை எதிர்த்தார். வணங்குவதற்கு அல்ல, வைத்துக்கொள்ளத் தடையில்லை என்பது அவர் நிலை. பக்கத்தில் சூரிச் நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியையும் மாட்ட ஆசை வந்தால், 1524இல் சூரிச் ஆலயங்களிலிருந்து படங்களை அகற்றியது அவர் வழி நின்ற நகரம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

30 × 49, மேட் என்று முடிவு செய்துவிட்டேன். சுவர் வெளிச்சுவர், மழைக்காலத்தில் ஈரம் கசியும். கேன்வாஸ் தொய்ந்தால்?

பதில் 1

முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் பின்பக்கம் நான்கு மூலையிலும் 1 செ.மீ. தடிமன் கார்க் ஒட்டி மாட்டுங்கள், காற்று ஓடினால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. தொய்வுக்கு மூலைக்கு இரண்டாக எட்டு மர ஆப்பு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். எட்டையும் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். ஒரே மூலையில் முழுக்க அடித்தால் சட்டம் கோணலாகும். மூலைகளைப் பசை போட்டு ஒட்டிய சட்டத்தில் ஆப்பு வேலை செய்யாது, வாங்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். தூசிக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை போதும், ஈரத்துணி வேண்டாம்.